வாசிப்புக்கும் ஒரு புதுக்கணக்கு

வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காகச் சிவகாசியிலிருந்து தினசரி காலண்டர் கட்டுகள் வந்து இறங்கும் மாதம் இது. கட்டைப் பிரித்து எண்ணி, யாருக்குப் பெரியது, யாருக்குச் சிறியது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். வருகிற ஆண்டில் எந்த ஏஜென்சியை எடுப்பது, எதை விடுவது, கடைக்கு வெள்ளை அடிப்பதா, நிலுவையில் நிற்கும் பாக்கியை எப்படி வசூலிப்பது என்று இரவில் படுத்துக்கொண்டே யோசிக்கிறோம். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்தக் கட்டுரை. வருகிற ஆண்டில் நாம் என்ன படிக்கப் போகிறோம்? எத்தனை புத்தகம்? எந்த நேரத்தில்?

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "அண்ணாச்சி, ராத்திரி கடையச் சாத்தும்போது மணி பத்தரை. இதுல புத்தகம் வேறயா? நமக்குப் படிக்கிறதுன்னா அது பில்லு மட்டும்தான்" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு வரை நிற்கிறவரிடம், புத்தகம் படியுங்கள் என்று மேடைப் பேச்சுப் போலச் சொல்லிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறியவர்கள் என்பதால் அதைச் சொல்லும் தைரியம் வந்திருக்கிறது.

பொட்டலத்தில் படித்தவர்கள்

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பழைய பேப்பர்க்காரரிடம் கிலோ கணக்கில் வாங்கிய தினசரிகளையும் வாரப் பத்திரிகைகளையும் கிழித்துப் பொட்டலத்துக்கு அடுக்கி வைத்திருப்போம். கடுகு, சீரகம், மிளகு எல்லாம் அதில்தான் போகும். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கைக்கு வந்த தாளைப் படிப்போம். ஒரு கொலை வழக்கின் பாதி இருக்கும். ஒரு தொடர்கதை அத்தியாயத்தின் பாதி இருக்கும். மீதிப் பாதி ஏதோ ஒரு வீட்டின் அடுப்படிக்குப் போயிருக்கும்.

நம் தகப்பனார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவர். நல்ல தாளாகக் கண்ணில் பட்டால் அதில் பொட்டலம் மடிக்க விடமாட்டார். தராசுத் தட்டுக்கு அடியில் சொருகி வைத்துக்கொள்வார். அவர் காலமான பிறகு கல்லாவின் அடி அறையைச் சுத்தம் செய்தபோது, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு கிடைத்தது. ரொக்கமாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தோம். ஏதோ ஒரு தொடர்கதையின் தாள்கள். வரிசையாக அடுக்கியிருந்தார். நடுவில் மூன்று அத்தியாயங்கள் இல்லை. கடைசி அத்தியாயமும் இல்லை. கதையின் பெயர்கூட அந்தத் தாள்களில் இல்லை. அதன் முடிவு அவருக்குத் தெரியாமலே போயிற்று.

ஒரு புத்தகத்தை முழுசாக வாங்கிப் படிக்க அவரிடம் பணம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. பிறகு பணம் வந்தது. ஆனால் அதற்கென்று ஒரு நேரமும் ஒரு திட்டமும் அவருக்கு வாய்க்கவே இல்லை. நமக்கும் அப்படியே போய்விடுமோ என்ற பயம் அன்றுதான் முதலில் வந்தது.

இன்று அந்தப் பொட்டலமும் இல்லை. அச்சு மையில் உள்ள ரசாயனம் உணவில் இறங்கும் என்பதால், உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டித் தருவதை 2018-ஆம் ஆண்டின் உணவு பேக்கேஜிங் விதிமுறைகள் தடை செய்கின்றன. நல்ல விதிதான். ஆனால் தேடாமலே கடைக்குள் வந்துகொண்டிருந்த எழுத்து அதோடு நின்றது. இப்போது ஆள் வராத நேரத்தில் கை செல்போனுக்குப் போகிறது. அரை மணி நேரம் போனபின், என்ன பார்த்தோம் என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரிவதில்லை.

படிக்காமல் போட்ட கையெழுத்து

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனம் கடைக்கு ஃபிரிட்ஜ் கொடுத்தது. டெபாசிட் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டி, பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டோம். முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. அடுத்த கோடையில் வேறு கம்பெனி பாட்டில்கள் பத்தை அதில் வைத்ததற்காக ஃபிரிட்ஜைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். டெபாசிட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டபோது மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்கள். அதில் எல்லாம் எழுதித்தான் இருந்தது.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறு நம்முடையது. படிக்கத் தெரியாதவர் அல்ல நாம். முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். நீளமான எழுத்தைக் கண்டால் கண் தானாக நழுவியது. கை வேலையைப் போலத்தான் வாசிப்பும். விட்டால் மறந்துபோகும். தொட்டால் திரும்பி வரும். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன் பத்திரம், வரித்துறை நோட்டீஸ் என்று ஒவ்வொன்றும் பக்கம் பக்கமாக வரும் காலம் இது. கதைப் புத்தகத்தில் தினம் பத்துப் பக்கம் நிலைத்து நிற்கிற கண், பத்திரத்தின் மூன்றாம் பக்கத்திலும் நிற்கும்.

முதல் ஆண்டு போட்ட நட்டம்

சூடு பட்ட வேகத்தில் அந்த ஜனவரி முதல் தேதியில் ஒரு சபதம் எடுத்தோம். ஆண்டுக்கு 50 புத்தகம். ஒரே நாளில் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு புத்தகம் வாங்கி வந்தோம். எல்லாம் பெரிய பெரிய புத்தகங்கள். பொங்கல் வியாபாரம் வந்தது. வெல்லமும் பச்சரிசியும் நெய்யும் முந்திரியும் எடை போட்டு ஓய்ந்தபோது ஜனவரி இருபது ஆகிவிட்டது. கணக்குப்படி மூன்று புத்தகம் முடிந்திருக்க வேண்டும். முதல் புத்தகத்தில் நாற்பதாவது பக்கத்தில் நின்றோம். பிப்ரவரியில் அந்தப் புத்தகங்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மார்ச்சில் பீரோவுக்குள் போயின.

யோசித்துப் பார்த்தால் இது புதிதாகக் கடை வைத்தவர் செய்யும் அதே தவறு. தெருவில் எத்தனை வீடு, தினம் எவ்வளவு விற்கும் என்று பார்க்காமல், தள்ளுபடி கிடைக்கிறது என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டுச் சரக்கைத் தேங்க விடுவது. கொள்முதலில் நாம் செய்யாத பிழையை வாசிப்பில் செய்தோம்.

ஓட்டத்தைப் பார்த்துக் கொள்முதல்

மறு ஆண்டு வேறு மாதிரி கணக்குப் போட்டோம். முதலில் ஒரு வாரம் நம் ஓட்டம் எவ்வளவு என்று பார்த்தோம். பத்துப் பக்கம் படிக்க நமக்கு ஆரம்பத்தில் அரை மணி நேரம் ஆயிற்று. உங்களுக்குக் கூடலாம், குறையலாம். கடிகாரத்தை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 365 நாள். பண்டிகை வியாபாரம், கல்யாணம், காது குத்து, துக்கம், இருப்பு எடுக்கும் நாள், உடம்பு சரியில்லாத நாள் என்று 65 நாளைத் தள்ளிவிடுங்கள். மீதி 300 நாள். நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் 3,000 பக்கம். புத்தகத்துக்கு 200 பக்கம் என்று வைத்தால் 15 புத்தகம் ஆகும். ஆனால் திட்டத்தில் 12 மட்டும் எழுதுங்கள். மாதம் ஒன்று. 2,400 பக்கம். மீதி 600 பக்கம் சேதாரத்துக்கும் தாமதத்துக்கும். அப்பளக் கட்டில்கூட உடைசலுக்கு இடம் வைத்து விலை போடுகிற நாம், வாசிப்புக்கும் இடம் வைப்பதில் தவறில்லை. பத்துப் பக்கம் முடியாதவர்கள் ஐந்து பக்கம் வைத்து ஆறு புத்தகம் என்று எழுதலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. எழுதியதை முடிப்பதுதான் முக்கியம்.

நேரமும் கண்ணும்

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மளிகைக் கடையில் மத்தியானம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கூட்டம் குறையும். அந்த இரண்டு மணி நேரத்தில் பத்துப் பக்கம் கிடைக்கும். நடுவில் ஆள் வந்தால் எழுந்துதான் போக வேண்டும். அதற்காகச் சிறு சிறு அத்தியாயங்களாக உள்ள புத்தகத்தைக் கடைக்கும், நீளமான புத்தகத்தை வீட்டுக்கும் வையுங்கள். சந்தைக்கும் மொத்தக் கடைக்கும் போகும் பஸ் பயணம் ஒரு நேரம். வங்கியில் காத்திருப்பது ஒரு நேரம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் படிப்பை விட்டவர்களில் பலர் நேரத்தைக் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வெள்ளெழுத்து. பாக்கெட்டில் இருக்கும் காலாவதித் தேதியைக் கையை நீட்டி வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம் என்றால், கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணைப் பரிசோதித்து ஒரு கண்ணாடி வாங்குங்கள். இன்னொன்று வாங்கிக் கல்லாவிலேயே வைத்துவிடுங்கள். எந்தச் சபதத்தையும்விட அது அதிகம் உதவும். நமக்கு அப்படித்தான் உதவிற்று.

அலமாரியில் என்ன வைப்பது?

ஒரே சரக்கு வைத்துக் கடை நடத்த முடியாது. பன்னிரண்டு புத்தகத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு இரண்டு, வாழ்க்கை வரலாறும் சரித்திரமும் மூன்று, கதை ஐந்து, பழைய இலக்கியம் இரண்டு. இது நாம் வைத்துக்கொண்ட பிரிவு. நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

தொழிலுக்கு என்றால், நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைப் பற்றிய தமிழ் விளக்க நூல் ஏதாவது ஒன்று. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009, 2017 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி., நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இந்த நான்கையும் பற்றி அதிகாரி சொல்லித் தெரிந்துகொள்வதைவிடப் படித்துத் தெரிந்துகொள்வது மலிவு. பாக்கெட்டில் என்னென்ன அச்சிட்டிருக்க வேண்டும் என்பதைத் தெரிந்தவர், குறையுள்ள சரக்கை இறக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுவார்.

வாழ்க்கை வரலாற்றில் காந்தியடிகளின் 'சத்திய சோதனை' முதலில் வரட்டும். அதில் நமக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. 1893-இல் அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது ஒரு வியாபார வழக்குக்காக. தாதா அப்துல்லா என்ற வணிகருக்கும் அவருடைய உறவினரான இன்னொரு வணிகருக்கும் இடையே 40,000 பவுன் வழக்கு. வழக்கு முழுக்கக் கணக்கு வழக்கு. பாரிஸ்டர் பட்டம் வாங்கியவருக்குப் புரோநோட்டு என்றால் என்ன என்று தெரியவில்லை. குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கணக்கியல் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துப் படித்தார். அதன் பிறகே வழக்கு பிடிபட்டது. கடைசியில் இரு தரப்பையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்து, தோற்றவர் ஒரேயடியாக நொடித்துப் போகாமல் தவணையில் கட்ட வழி செய்தார். ஒரு புத்தகம் வாங்கிப் படித்ததில் இரண்டு வியாபாரிகள் பிழைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

சரித்திரத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த அவர் பெரிய வணிகரும்கூட. 1736 முதல் 1761 வரை எழுதிய அந்த நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தியும் சரக்கு விலையும் கோட்டைக்குள் நடந்த பேச்சும் பக்கத்தில் பக்கமாக இருக்கின்றன. தொகுதிகள் பல. முழுவதையும் எடுத்தால் நமது முதல் ஆண்டுக் கதைதான். தேர்ந்தெடுத்த பகுதிகளாக வந்த ஒரு புத்தகம் போதும்.

கதைப் பகுதியில் நம் இனத்தவரே எழுதியவை இருக்கின்றன. நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தியவர் சுந்தர ராமசாமி. 1966-இல் வந்த அவருடைய 'ஒரு புளியமரத்தின் கதை'யில் கடைத்தெருவும் அதன் போட்டியும் பொறாமையும் அப்படியே வரும். மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர் தோப்பில் முகமது மீரான். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' அவர் எழுதியது, 1988-இல் வந்தது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். சிங்கம்புணரியில் பிறந்து, சிறு வயதில் மேடானுக்குப் பிழைக்கப் போன ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. கடல் கடந்து போன தமிழ் வணிகர்களின் வாழ்க்கையும் யுத்த காலமும் அதில் இருக்கின்றன. வற்றல் மூட்டைக்கும் துணி மடிப்புக்கும் நடுவே இவர்கள் எழுதவே செய்திருக்கிறார்கள். நாம் படிக்கவாவது செய்யலாம்.

பழைய இலக்கியத்தில் ஒன்று கட்டாயம். 'மணிமேகலை'யை இயற்றிய சீத்தலைச் சாத்தனார் யார் தெரியுமா? மதுரைக் கூலவாணிகன் என்பது அவருக்கு வழங்கும் பெயர். கூலம் என்றால் தானியம். அரிசியும் பயறும் விற்றவர். இன்றைய மொழியில் நம் மளிகைக்காரர்! அவருடைய காப்பியத்தின் நடுவில் இருப்பது எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்ற உணவுப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இடுபவள் ஆதிரை, ஒரு வணிகனின் மனைவி. அவள் கணவன் சாதுவன் கைப்பொருளைத் தொலைத்து, கடலோடிப் போய், கப்பல் உடைந்து, நாகர் வாழும் மலைப் பக்கம் கரையேறித் திரும்பி வந்தவன். பசியின் கொடுமையை ஒரு தானிய வியாபாரி எழுதினார் என்பதில் நமக்குப் பெருமை இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்? மொத்தம் 30 காதைகள். எளிய உரைநடையில் கிடைக்கிறது. நாளைக்கு ஒரு காதை என்றால் ஒரே மாதம்.

இன்னொன்றைச் சில்லறையாகப் படிக்கலாம். திருக்குறள் 1,330. நாளைக்கு நான்கு குறள் உரையோடு படித்தால் 333 நாளில் முடியும். கடை திறந்து ஊதுவத்தி ஏற்றியதும் நான்கு. பொருட்பாலில் மட்டும் 70 அதிகாரம் இருக்கிறது. நடுவுநிலைமை அதிகாரத்தில் நம் தராசும் வருகிறது, நம் வாணிகமும் வருகிறது.

பருவம் பார்த்து அடுக்குவது

எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடும் என்று நமக்குத் தெரியும். புத்தகத்தையும் அப்படியே வையுங்கள். ஜனவரியில் பொங்கல் முடியும் வரை எதையும் தொடங்க வேண்டாம். பொங்கல் கழித்து மெலிந்த புத்தகமாக ஒன்று எடுங்கள். மார்ச் கணக்கு முடிக்கும் மாதம். எப்படியும் காகிதத்தோடுதான் இருப்போம், அப்போது சட்ட விளக்க நூல். ஏப்ரல், மே வெயிலில் மத்தியான வியாபாரம் படுத்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மணிமேகலைக் கதையைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க ஏற்ற காலம். மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு ஊர்விட்டு ஊர் போகிறோம். போகவர ஒரு நாள் பயணத்தில் நூறு பக்கம் உட்கார்ந்து படிக்கலாம்.

ஆடியில் கல்யாண ஆர்டர் கிடையாது. தடித்த நாவல் ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள். ஐந்து பாகம் உள்ள 'பொன்னியின் செல்வன்' போன்றதை எடுப்பவர்கள், அதை ஒரு புத்தகமாக எண்ணாமல் ஒவ்வொரு பாகத்தையும் தனிப் புத்தகமாக எழுதுங்கள். ஆவணியில் கல்யாணங்கள் திரும்பி வரும்போது மெலிந்த புத்தகத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். சரஸ்வதி பூஜைக்குக் கணக்குப் புத்தகத்தோடு அந்த மாதம் படிக்கும் புத்தகத்தையும் வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் விடுமுறை. அதை 65 நாள் கணக்கில் முன்பே தள்ளிவிட்டோம். கார்த்திகை மழையில் சாயங்காலக் கூட்டம் குறையும். விட்டதைப் பிடிக்க அதுவே நேரம். ரம்ஜான், கிறிஸ்துமஸ் வியாபாரம் அதிகம் உள்ள ஊர்க்காரர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11, 20 தேதிகளை ஒட்டிப் பக்கம் குறையும். அதுவும் தெரிந்த செலவுதான்.

கட்டிய பணத்துக்குச் சரக்கு

புத்தகத்துக்குப் பணம்? இங்கே ஒரு கணக்கை நினைவூட்ட வேண்டும். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. கடை சொந்தமானால் நாம் நேராகக் கட்டுகிறோம். வாடகைக் கடை என்றால் வாடகைக்குள் அது இருக்கிறது. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்.

முன்பணம் கட்டிவிட்டுச் சரக்கு எடுக்காமல் இருக்கும் வியாபாரி உண்டா? நூலக விஷயத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். அதற்கான காப்புத் தொகை சிறியது. மதுரைக்காரர்களுக்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு 1896 முதல் இருக்கும் கன்னிமாராவும், 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பன்னிரண்டில் எட்டை நூலகத்தில் எடுத்து, நான்கை மட்டும் வாங்கினால் போதும். வாங்குவதையும் புத்தகக் கண்காட்சியில் வாங்கினால் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி உண்டு. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் மூட்டையாக வாங்கிவிடுவோம்!

பேரேடு

எழுதாத கணக்கு நிற்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, பிள்ளையார் சுழியோ உங்கள் வழக்கப்படியோ போட்டு, நான்கு பத்தி பிரியுங்கள். தேதி, புத்தகம், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, குறிப்பு. குறிப்புப் பத்தியில் ஒரே ஒரு வரி. பிடித்ததா, புரிந்ததா, யார் நினைவு வந்தது, எதுவானாலும் சரி. கடை ரொக்கத்தை எழுதும்போதே இதையும் எழுதிவிட்டால் மறக்காது. மாதக் கடைசியில் கூட்டிப் போடுங்கள்.

மூன்று விதிகள் போதும். ஒன்று, விட்டுப்போன பக்கங்களை மறுநாள் தலையில் ஏற்றக் கூடாது. வட்டி போட்டால் கடன்காரர் ஓடிவிடுவார். வாராக்கடன் என்று தள்ளிவிட்டு அன்றைய பத்துப் பக்கத்தை மட்டும் படியுங்கள். இரண்டு, ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்காத புத்தகத்தை மூடிவிடுங்கள். போகாத சரக்கை அலமாரியில் வைத்திருந்தால் அந்த இடம் வீண். படித்த பக்கங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று, ஜூன் கடைசியில் அரையாண்டு இருப்பு எடுங்கள். ஆறு முடிந்திருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் முடிந்திருந்தால், ஆண்டுக்கு எட்டு என்று திட்டத்தைக் குறையுங்கள். அதற்குப் பெயர் தோல்வி ஆகாது. விற்பனையைப் பார்த்து ஆர்டரைக் குறைப்பதுதான்.

இரண்டாம் ஆண்டில் நாம் முடித்தது பதினொன்று. பன்னிரண்டாவது புத்தகம் டிசம்பர் 31 அன்று 130-ஆம் பக்கத்தில் நின்றது. அதை ஆரம்ப இருப்பாக மறு ஆண்டுக்குக் கொண்டுபோனோம். அதே ஆண்டில் கடை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. ஆறு பக்கம். கல்லாவில் உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் படித்தோம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியை மாற்றித் தரச் சொன்னோம். கடை உரிமையாளர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாற்றித் தந்தார்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் விலைப் பட்டியல் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அலமாரி வைக்கலாம். உறுப்பினர்கள் படித்து முடித்த புத்தகத்தை அதில் வைத்து வேறொன்றை எடுத்துப் போகட்டும். மாதக் கூட்டத்தின் முடிவில் ஒருவர் ஐந்து நிமிடம் தான் படித்ததைச் சொல்லட்டும். மைக் வேண்டாம், சால்வை வேண்டாம். நம் பிள்ளைகளும் கடைப் பையன்களும் நம்மைக் கால்குலேட்டரோடும் செல்போனோடும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். கையில் புத்தகத்தோடும் பார்க்கட்டும்.

கீழமாசி வீதி நண்பர் போன வாரம் கடைக்கு வந்தார். துவரம் பருப்பு விலையைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பியவர் வாசலில் நின்று, "அண்ணாச்சி, நம்மள மாதிரியே தானிய யாவாரம் பண்ணிக்கிட்டு ஒருத்தர் காவியம் எழுதினாருன்னு சொன்னீங்களே, அது வீட்ல இருக்கா?" என்றார். இருந்தது. கொடுத்தோம். கடனாகத்தான், நோட்டில் பற்று எழுதிக்கொண்டு.

காலண்டர் கட்டைப் பிரித்த கையோடு நீங்களும் ஒரு நோட்டைப் பிரித்துவிடுங்கள். முதல் வரியில் முதல் புத்தகத்தின் பெயர் இருக்கட்டும். நாம் தொடங்கும் கதைகளின் முடிவாவது நமக்குத் தெரிந்திருக்கட்டும்.